சக்கரம் எங்கே உரசுகிறது? பொம்மைக் கார்ப் பந்தயத்தில் இறங்குவோருக்கு

சென்ற ஜூன் பள்ளி விடுமுறையில் என் அண்ணன் மகன் ஒரு காலணிப் பெட்டி நிறையக் கார்களோடு சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் வார்ப்பு உலோகக் கார்கள். சாப்பாட்டு மேசையிலிருந்து கூடத்துத் தரைக்கு ஆரஞ்சு நிறப் பாதைகள் இரண்டை அருகருகே இறக்கினோம். இரண்டிரண்டு கார்களாக ஓடவிட்டு, வென்றவற்றைத் தனியே எடுத்து வைத்தான். தொடக்கநிலை நான்கில் படிக்கிறான், கணக்கில் கெட்டி. மாலையில் ஒரு நீல நிறக் காரைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, “அத்தை, நிறத்தைத் தவிர இதுவும் அதுவும் ஒன்றுதானே? இது மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் தோற்கிறது?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. பதில் சக்கரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் சக்கரத்தில் எங்கே என்று சொல்ல அந்த விடுமுறை முழுவதும் தேவைப்பட்டது. அப்போது நாங்கள் அளந்து பார்த்ததையும், அதற்குப் பின்னால் உள்ள இயற்பியலையும் புதிதாகத் தொடங்குவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கார்களுக்கு எஞ்சின் கிடையாது. வேகம் முழுவதும் உயரத்திலிருந்து வருகிறது. 75 சென்டிமீட்டர் உயரமுள்ள மேசையிலிருந்து இறங்கும் கார், வழியில் எதையும் இழக்காமல் வந்தால், தரையைத் தொடும்போது விநாடிக்கு 3.8 மீட்டர் வேகத்தில் ஓடும். மணிக்குக் கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். இதற்கு மேல் எந்தச் சக்கரத்தாலும் ஒரு துளி வேகம்கூடத் தர முடியாது. ஆகவே ‘வேகமான சக்கரம்’ என்று கடையிலும் காணொளியிலும் கேட்கும்போது, குறைவாகப் பறிக்கும் சக்கரம் என்றுதான் நாம் பொருள்கொள்ள வேண்டும். சக்கர வகைகளை ஒப்பிடுவது என்றால், உயரம் கொடுத்ததில் எது எவ்வளவை, எந்த இடத்தில் எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான்.

பறிபோகும் இடங்களில் மிகப் பெரியது இருசு. இரண்டு சக்கரங்களையும் கோத்து நிற்கும் கம்பியைத்தான் இருசு என்கிறேன். அச்சு என்றும் சொல்வார்கள். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இந்தச் சொல்லும் தெரியும், அதன் தொல்லையும் தெரியும். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு காலத்தில் கால்நடை வணிகம் நடந்த வட்டாரம். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் இன்றும் எருமையைச் சொல்கின்றன. சைனாடவுன் பகுதிக்கு வழங்கும் கிரேத்தா ஆயர் என்ற மலாய்ப் பெயருக்குத் தண்ணீர் வண்டி என்று பொருள். மாடு இழுத்த வண்டிகளில் தண்ணீர் போன காலத்தின் பெயர் அது. அந்த வண்டிகளின் சக்கரங்கள் ஏன் அவ்வளவு உயரமாக இருந்தன? குண்டும் குழியும் ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் பொம்மைக் காருக்கும் பொருந்தும்.

சக்கரம் தரையில் உருள்கிறது. ஆனால் இருசின் மேல் அது உருள்வதில்லை, வழுக்கிக்கொண்டே சுற்றுகிறது. உராய்வு அங்கேதான். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம், 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள இருசு என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கார் 31 மில்லிமீட்டர் முன்னேறும். அதற்குள் சக்கரத்தின் குடம், அதாவது இருசு நுழையும் நடுப்பகுதி, இருசின் மேல் உரசிய தூரம் 3 மில்லிமீட்டர்தான். பத்தில் ஒரு பங்கு. 5 மீட்டர் பாதையை முடிக்க அரை மீட்டர் உரசினால் போதும். இருசின் தடிமன் 1.5 மில்லிமீட்டரானால் அதே பாதைக்கு 75 சென்டிமீட்டர் உரச வேண்டும். இருசை 1 மில்லிமீட்டரிலேயே வைத்து, சக்கரத்தை மட்டும் 12 மில்லிமீட்டராக்கினால் 42 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். மெல்லிய இருசு, பெரிய சக்கரம்: உராய்வைக் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை.

பொம்மைக் கார்களின் வரலாற்றையே இந்த ஒரு கணக்கு திருப்பிப் போட்டது. 1968க்கு முன்பு சின்னக் கார் என்றால் இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனம் 1953 முதல் செய்துவந்த மேட்ச்பாக்ஸ் கார்கள்தான். அழகானவை, நுணுக்கமானவை. ஆனால் தடித்த இருசும் சிறிய சக்கரமும் கொண்டவை. தள்ளினால் கொஞ்சம் போய் நின்றுவிடும். அவை கையால் உருட்டி விளையாடச் செய்தவை, ஓட்டப் பந்தயத்துக்கு அல்ல. 1968இல் அமெரிக்காவின் மட்டெல் நிறுவனம் ஹாட் வீல்ஸ் என்ற பெயரில் 16 கார்களைக் கொண்டுவந்தது. மெல்லிய எஃகுக் கம்பியை இருசாக வைத்து, சக்கரத்தின் நடுவே டெல்ரின் என்ற வழுக்கும் பிளாஸ்டிக்கைப் பொருத்தினார்கள். சக்கர ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்ததால் அவற்றுக்கு ரெட்லைன் என்று பெயர் நிலைத்தது. அடுத்த ஆண்டே, 1969இல், லெஸ்னி தன் கார்களுக்கு மெல்லிய இருசு போட்டு சூப்பர்ஃபாஸ்ட் என்று பெயர் சூட்டி இறக்க வேண்டியதாயிற்று. ஒரு கம்பியின் தடிமன் குறைந்ததால் ஒரு தொழிலே நடையை மாற்றிக்கொண்டது. எனக்கு இந்தக் கதை அவ்வளவு பிடிக்கும். பையனுக்கு மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

ரெட்லைன் சக்கரங்கள் 1977 வரைதான் வந்தன. பிறகு சிவப்புக் கோடில்லாத, எளிதாக வார்க்கக்கூடிய கறுப்புச் சக்கரங்கள் வந்தன. இன்று கடையில் தொங்கும் சாதாரணக் கார்களில் பெரும்பாலானவை முழுப் பிளாஸ்டிக் சக்கரங்களே. சேகரிப்பாளர்கள் இவற்றை 5எஸ்பி, 10எஸ்பி, ஓஎச்5 என்றெல்லாம் குறிப்பார்கள். முதல் இரண்டும் ஐந்து ஆரக்கால், பத்து ஆரக்கால். மூன்றாவது ஐந்து திறந்த துளைகள் கொண்டது. புதிதாக வருபவர்கள் இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்து, எது வேகம் என்று பட்டியல் தேடுகிறார்கள். ஆரக்கால்களின் எண்ணிக்கை பார்வைக்குத்தான். பந்தயத்துக்கு வேண்டிய விவரங்கள் வேறு: விட்டம் எவ்வளவு, எடை எவ்வளவு, அந்த எடை குடத்தில் இருக்கிறதா, விளிம்பில் இருக்கிறதா.

எடை ஏன் முக்கியம் என்றால், சக்கரம் இரண்டு வேலை செய்கிறது. காரோடு சேர்ந்து முன்னே போகிறது, தானும் சுற்றுகிறது. சுற்றுவதற்கும் ஆற்றல் வேண்டும். அது சரிவில் கிடைத்த கூலியிலிருந்துதான் போக வேண்டும். சக்கரம் சீரான வட்டத் தட்டாக இருந்தால் அதன் எடையில் பாதியைக் கார் கூடுதலாகச் சுமப்பது போல ஆகும். எடை முழுவதும் விளிம்பில் வளையம் போல் இருந்தால் முழு எடையையும் இரண்டாவது முறை சுமப்பது போல. இதில் என்னை வியக்க வைத்த செய்தி, சக்கரத்தின் விட்டம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை என்பது. பெரிய சக்கரம் மெதுவாகச் சுற்றும், சிறியது வேகமாகச் சுற்றும், இரண்டும் ஈடாகிவிடும். எடையும் அது உட்கார்ந்திருக்கும் இடமும் மட்டுமே எஞ்சும்.

இப்போது ரப்பர் சக்கரத்துக்கு வரலாம், ஏனென்றால் கடையில் குழந்தைகளின் கண் முதலில் போவது அதன்மேல்தான். ஹாட் வீல்ஸ் 1983இல் ரியல் ரைடர்ஸ் என்று உண்மையான ரப்பர் டயர் போட்ட கார்களை வெளியிட்டது. இன்றும் விலை கூடிய வரிசைகளில் அந்த வகை வருகிறது. பார்க்க அசல் காரைப் போலவே இருக்கும். ஓட்டத்தில்? எடுத்துக்காட்டாக எண்களை வைத்துப் பார்ப்போம். 36 கிராம் காரில் நான்கு பிளாஸ்டிக் சக்கரங்களும் சேர்ந்து 2 கிராம், தட்டு வடிவம்: சுற்றுவதற்காக இழக்கும் வேகம் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. 40 கிராம் காரில் ரப்பர் சக்கரங்கள் 6 கிராம், எடையில் பெரும்பகுதி விளிம்பில்: இழப்பு ஐந்தரை விழுக்காட்டை ஒட்டிப் போகும். உராய்வு இரண்டுக்கும் சமம் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு விநாடி ஓட்டத்தின் முடிவில் ரப்பர்க் கார் 30 சென்டிமீட்டர் பின்தங்கும். நான்கு கார் நீளம்! இதற்கு மேல், ரப்பர் தரையில் படும் இடத்தில் நசுங்கி நசுங்கி மீள்கிறது. ஒவ்வொரு மீள்தலிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிக் கரைகிறது. கெட்டியான பிளாஸ்டிக்குக்கு அந்தச் சிக்கல் மிகக் குறைவு. பாதையின் ஓரச் சுவரில் உரசும்போதும் ரப்பர் பற்றிக்கொள்கிறது, பிளாஸ்டிக் வழுக்கிப் போகிறது.

ரப்பருக்கும் ஓர் இடம் உண்டு. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், பாதை எதுவும் இல்லாமல் சிமெண்டுத் தரையில் நேரே ஓடவிட்டால், மணல் துகள்மேல் ஏறி இறங்கும்போது பிளாஸ்டிக் சக்கரம் துள்ளித் திரும்பிவிடுகிறது. ரப்பர் அதைத் தாங்கிக்கொண்டு போகிறது. சத்தமும் குறைவு, கீழ்வீட்டுக்காரரை நினைத்துப் பார்க்கும் நமக்கு அது சிறிய நன்மை அல்ல.

இனி, எல்லோரும் செய்யும் ஒரு சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைத் தலைகீழாகப் பிடித்து, சக்கரத்தை விரலால் சுண்டி, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பார்கள். நீண்ட நேரம் சுற்றினால் நல்ல சக்கரம் என்று முடிவு கட்டுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இந்தச் சோதனை இரண்டு வகையில் ஏமாற்றும். ஒன்று, காரின் எடை அப்போது இருசின்மேல் இல்லை. ஓடும்போது 35 கிராம் அழுத்தத்தில் உரசும் இடம், கையில் இருக்கும்போது சும்மா தொட்டுக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது இன்னும் மோசம்: விளிம்பு கனமான சக்கரம் அதிக ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொள்வதால் நீண்ட நேரம் சுற்றும். அதாவது சரிவில் நம்மைத் தோற்கடிக்கும் அதே குணம் இந்தச் சோதனையில் பரிசு வாங்கிவிடும். சுண்டிப் பார்ப்பதை நான் இப்போது ஒரு காரியத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். சக்கரம் தள்ளாடுகிறதா, ஏதாவது ஓரிடத்தில் தட்டுகிறதா என்று பார்க்க, காதருகே வைத்துக் கேட்க.

சரியான சோதனை இதுதான். பாதையின் ஒரு முனையைப் புத்தகங்களை அடுக்கி 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். மற்ற முனை தரையோடு மென்மையாகச் சேரட்டும். காரைத் தள்ளாமல் கையை மட்டும் எடுங்கள். நிற்கும் இடம் வரை, புறப்பட்ட இடத்திலிருந்து தரையளவில் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். ஐந்து தடவை ஓட்டி, மிக நீண்டதையும் மிகக் குறுகியதையும் நீக்கிவிட்டு மற்ற மூன்றுக்கும் சராசரி எடுங்கள். பிறகு உயரத்தைத் தூரத்தால் வகுங்கள். 20 சென்டிமீட்டரிலிருந்து இறங்கி 4 மீட்டர் போனால், இருபதில் ஒரு பங்கு. அந்தக் காரைப் பின்னுக்கு இழுக்கும் உராய்வு, அதன் எடையில் இருபதில் ஒரு பங்கு என்று பொருள். ஒரு தொடக்கநிலை மாணவனால் வகுத்து எடுக்க முடிகிற எண், ஆனால் ஒரு சக்கரத்தின் உண்மையைச் சொல்லிவிடுகிற எண்!

இந்தச் சோதனைக்கு இன்னொரு சிறப்பு உண்டு. கனமான சக்கரம் சரிவில் வாங்கிய ஆற்றலைச் சமதரையில் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே தூரத்தில் சக்கரத்தின் எடை தெரியாது; உராய்வு மட்டுமே தெரியும். பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடும் பந்தயத்தில் இரண்டும் கலந்து தெரியும். தூரச் சோதனையில் முந்தி, பந்தயத்தில் பிந்தும் கார் ஒன்று உங்களிடம் இருந்தால் அதன் சக்கரம் கனமானது என்று சந்தேகப்படலாம். குறுகிய, செங்குத்தான பாதைக்கு இலேசான சக்கரம் தேவை. நீளமான, சமதரை அதிகமுள்ள பாதைக்கு உரசாத இருசு தேவை. எந்தச் சக்கரம் சிறந்தது என்று பாதையைப் பார்க்காமல் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். வீட்டின் ஓட்டுத் தரையில் இணைப்புக் கோடுகள் சக்கரத்தைத் தட்டும். வீட்டுக்கு வெளியே நடைவழி வழுவழுப்பாக இருக்கிறதே என்று அங்கே போனோம். மழைநீர் வடிவதற்காக அது வடிகால் பக்கம் இலேசாகச் சரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவைக் கார் காட்டிக்கொடுத்துவிட்டது. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கின. கடைசியில் கூடத்தில் வினைல் விரிப்பு ஒன்றை நீளவாக்கில் விரித்து அளந்தோம்.

நேராக ஓடுவதும் சக்கரத்தின் வேலைதான். இருசு சற்று வளைந்திருந்தால் ஒரு சக்கரம் கோணலாக நின்று, உருள்வதோடு பக்கவாட்டிலும் இழுபடும். பாதைக்குள் விட்டால் கார் ஓரச் சுவரைத் தேய்த்துக்கொண்டே இறங்கும். சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவாக இருந்தால் சக்கரத்தின் உட்பக்கம் உடலில் உரசும். மிக அதிகமாக இருந்தால் சக்கரம் இங்கும் அங்கும் ஆடும். ஒரு தாள் நுழையும் அளவு அசைவு இருக்க வேண்டும் என்பது என் கைக்கணக்கு. கடையில் காரை அட்டையிலிருந்து பிரிக்காமலே இதில் பாதியைப் பார்த்துவிடலாம். கண்ணாடி போன்ற மூடியின் வழியாக முன்பக்கத்திலிருந்து பாருங்கள்: சக்கரங்கள் செங்குத்தாக நிற்கின்றனவா, நான்கும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா? முஸ்தபா சென்டர் கடையின் பொம்மைப் பகுதியில் அட்டைகளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நாங்கள் நின்ற நேரம் கொஞ்சமல்ல. பல கார்களின் அடியில் மலேசியா என்று பொறித்திருப்பதை அங்குதான் பையன் கவனித்தான். மட்டெலின் ஆலை ஒன்று பினாங்கு மாநிலத்தில் இருக்கிறது என்று சொன்னதும், வடக்கே பஸ் ஏறினால் போய்விடலாமா என்று கேட்டான்.

ஜப்பானின் டோமிக்கா, பிரான்சில் பிறந்த மாஜோரெட் ஆகியவற்றில் சக்கரங்கள் மேலும் கீழும் அசையும்படி வில் அமைப்பு இருக்கும். அழுத்தி விளையாட இனிமையாக இருக்கும். பந்தயத்தில் பாதைத் துண்டுகளின் ஒவ்வொரு இணைப்பிலும் அந்த வில் ஆற்றலை உறிஞ்சுகிறது. என் ஓட்டு அதற்கு இல்லை.

அடுத்தது மசகு. மாட்டுவண்டிக்கு வண்டி மை போடுவார்கள்: வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்தது.  பொம்மைக் காருக்கு எண்ணெய் வேண்டாம், பென்சில் முனையில் இருக்கும் வழுக்கும் பொருளான கிராஃபைட்டின் உலர்ந்த தூள் போதும். எண்ணெய் தூசியை இழுத்து ஓரிரு நாளில் பசையாகிவிடும். கிராஃபைட் தூளைக் குச்சியின் நுனியால் இருசும் குடமும் சேரும் இடத்தில் சிறிதளவு தூவி, சக்கரத்தை நூறு தடவை சுற்றிவிட்டால் இருசின்மேல் மெல்லிய படலமாகப் படியும். பென்சிலைச் சுரண்டிப் போடலாமா என்று கேட்பார்கள். பென்சிலில் களிமண்ணும் கலந்திருக்கிறது. தூய தூளே நல்லது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பூச்சில்லாத எஃகு இருசில் துரு சொரசொரப்பாகப் படிந்துவிடும். 2005இல் ஹாட் வீல்ஸ் ஃபாஸ்டர் தேன் எவர் என்று ஒரு வரிசை வெளியிட்டது; அதன் சிறப்பே நிக்கல் பூசிய இருசுதான். பழைய பொருள் விற்கும் இடத்தில் செம்பு நிறச் சக்கரங்களோடு அந்த வகைக் கார் கிடைத்தால் வாங்கி வையுங்கள். மற்றவற்றை ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள்.

ஒரே சக்கரம், ஒரே உருவம், ஒரே அட்டை என்று வாங்கிய ஆறு கார்களைத் தூரச் சோதனையில் ஓட்டிப் பார்த்தோம். முதலாவதுக்கும் கடைசிக்கும் இருந்த இடைவெளி, இரண்டு வெவ்வேறு சக்கர வகைகளுக்கு நடுவே நாங்கள் கண்ட இடைவெளியைவிடப் பெரிது. ஆகவே வகையைப் பார்த்து வாங்குங்கள், ஆனால் அளந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நீல நிறக் கார் எங்கள் நோட்டுப் புத்தகத்தில் நெடுநாள் கடைசி வரியில் இருந்தது. ஒருநாள் அதைத் தலைகீழாகப் பிடித்துக் கைப்பேசி வெளிச்சத்தில் பின் இருசைப் பார்த்தவன், சத்தம் போடாமல் போய் என் புருவ இடுக்கியை எடுத்து வந்தான். நீளமான முடி ஒன்று குடத்துக்கும் உடலுக்கும் நடுவே இருசைச் சுற்றி இறுகிக் கிடந்தது. வெளியே இழுத்தபோது அவன் முழங்கை நீளம் வந்தது. அன்று மாலை அந்தக் கார் வினைல் விரிப்பைத் தாண்டி, கூடத்தைக் கடந்து, சமையலறை வாசலில் போய் நின்றது. அளவுநாடா அங்கே எட்டவில்லை.